‘விடு’ என்றால் கயிற்றை விடுவதா, ஆளை விடுவதா? பாறையேற்றச் சொற்கள் குறித்து ஒரு தொடக்கநிலையாளரின் கேள்வி

காவேரிப்பட்டணத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கரட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாக, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறினேன். அழைத்துச் சென்றவர்கள் ஓசூரில் என்னுடன் வேலை செய்யும் நண்பர்கள். பெங்களூரில் செயற்கைச் சுவரில் பழகியவர்கள் என்பதால் அவர்கள் பேச்சில் பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கக் கூச்சப்பட்டேன். அதன் பலனை அன்றே அனுபவித்தேன்.

ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் அடுத்த பிடி என் கைக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. கயிறு மிகவும் இழுவையாக இருந்து இடுப்பை மேல்நோக்கி அல்லாமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்ததால் எட்ட முடியவில்லை. கயிற்றைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்ற எண்ணத்தில் "விடு, விடு" என்று கத்தினேன். கீழே கயிறு பிடித்திருந்தவரோ, நான் களைத்துப்போய் இறங்க விரும்புகிறேன் என்று எடுத்துக்கொண்டு, என்னை அப்படியே இறக்கத் தொடங்கிவிட்டார். எதிர்பாராமல் கால் நழுவி, முழங்கால் பாறையில் தேய்ந்து, இரண்டு மீட்டர் கீழே வந்து தொங்கினேன். காயம் பெரிதில்லை. ஆனால் தவறு அவருடையதா என்னுடையதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தொடக்கநிலையில் இருப்பவன் முதலில் கற்க வேண்டிய சொற்கள் எவை என்று விளக்குவீர்களா?

ஓசூர்க் கயிறு:
நண்பரே, தவறு இருவருடையதும் அல்ல. தரையில் நிற்கும்போதே சொற்களை ஒத்துக்கொள்ளாமல் ஏறியதுதான் தவறு. மற்ற விளையாட்டுகளில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் ஆட்டம் போகும். இங்கே ஓர் ஆள் கீழே வருவார். ஆகவே கருவிகளின் பெயர்களைக் காட்டிலும் கூவும் சொற்களையே முதலில் கற்கச் சொல்வேன்.

ஏறுபவர் ஒருவர், கயிறு பிடிப்பவர் ஒருவர். கயிறு பிடித்து, அதை வேண்டிய அளவு கொடுத்தும் வாங்கியும், விழுந்தால் நிறுத்தியும் காக்கும் வேலைக்குப் பிலே என்று பெயர். அதைச் செய்பவர் பிலேயர். நீங்கள் ஏறியது டாப் ரோப் முறை. கயிறு மேலே ஒரு நங்கூரத்தின், அதாவது பாறையில் உறுதியாகப் பொருத்திய பிடிமானத்தின், வழியாகச் சென்று திரும்பி வருவதால், விழுந்தாலும் கயிறு நீளும் அளவுக்குத்தான் கீழே வருவீர்கள். லீட் என்பது வேறு: ஏறுபவர் கயிற்றின் நுனியைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு போய், வழியில் உள்ள ஆணி வளையங்களில் மாட்டிக்கொண்டே செல்வார். கடைசியாக மாட்டிய வளையத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும்போது விழுந்தால், நான்கு மீட்டரும் அதற்கு மேல் கயிறு நீளும் அளவும் விழ வேண்டியிருக்கும். தொடக்கநிலையில் அதை நினைக்கவே வேண்டாம்.

ஏறுவதற்கு முன் இரண்டு கேள்விகளும் இரண்டு பதில்களும் உண்டு. "பிலே தயாரா?" என்று ஏறுபவர் கேட்பார்; முடிச்சையும் பூட்டையும் பார்த்த பிறகே மற்றவர் "தயார்" என்பார். "ஏறுகிறேன்" என்றால் "ஏறுங்கள்" என்ற பதில் வரும்வரை கால் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது. நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் தட்டு மாற்றுவது போல, இருபுறமும் சொல்லி முடித்தால்தான் அது முடிந்ததாகும். மேலே போன பிறகு வேண்டியவை நான்கே: கயிற்றைத் தளர்த்து, இழுத்துப் பிடி, என்னை இறக்கு, விழப்போகிறேன் கவனி.

எல்லாவற்றிலும் ஆபத்தானது "பிலே போதும்" என்பதுதான். மேலே சென்றவர் தன்னைத் தனியாக நங்கூரத்தில் மாட்டிக்கொண்ட பிறகு, இனி நீ பிடிக்க வேண்டியதில்லை என்று சொல்வது அது. அதைக் கேட்டுக் கீழே இருப்பவர் கயிற்றைக் கழற்றிவிட, மேலே இருப்பவரோ அவர் இறக்குவார் என்று நம்பிப் பின்னால் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உச்சியை அடைந்ததும் இறக்கிவிடப் போகிறாரா, தானே கயிற்றில் வழுக்கி இறங்கப் போகிறாரா என்பதைத் தரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். முதலாவதில் கட்டுப்பாடு கீழே இருப்பவர் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு ராப்பல் என்று பெயர், அதில் கட்டுப்பாடு இறங்குபவர் கையிலேயே இருக்கிறது.

ராயக்கோட்டைவாசி:
சிறந்த விளக்கம். எனக்கு ஒரு கருத்து உண்டு. தமிழில் கூவுவதென்று முடிவெடுத்துவிட்டால் அரைகுறையாக ஏன் செய்ய வேண்டும்? இழுத்துப் பிடிக்க "இறுக்கு", கீழே விட "இறக்கு", தளர்த்த "தளர்த்து" என்று வைத்துக்கொள்ளலாமே. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சாக்குத்தூள்:
ஐயா, உங்கள் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். தயவுசெய்து அந்த முதல் இரண்டு சொற்களையும் இருபது மீட்டர் உயரத்திலிருந்து, காற்று அடிக்கும்போது, பாறைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கத்திப் பாருங்கள். "இறுக்கு", "இறக்கு" இரண்டுக்கும் நடுவில் ஓர் உகரம்தான் வேறுபாடு. முதலாவது என்னைக் காப்பாற்று என்பது. இரண்டாவது என்னைக் கீழே விடு என்பது. நேர் எதிரான இரண்டு கட்டளைகளுக்கு ஒரே ஓசை வைப்பதைவிட ஊமையாக ஏறுவது நல்லது.

ஓசூர்க் கயிறு:
சாக்குத்தூள் அம்மையார் சொல்வது முற்றிலும் சரி. ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. தளர்வைக் குறிக்க அவர்கள் ‘ஸ்லாக்’ என்று கூவுவார்கள். அந்தத் தளர்வை இழுத்துக்கொள் என்று நீட்டி முழக்கினால் கடைசிச் சொல் மட்டும் கீழே கேட்டு, பிலேயர் மேலும் தளர்த்திவிடுவார் என்பதால், இழுக்கச் சொல்லும்போது ‘ஸ்லாக்’ என்ற சொல் வாயிலேயே வரக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் குழுவில் நாங்கள் பயன்படுத்துவது "டைட்", "லூஸ்", "இறக்கு". முதல் இரண்டும் சைக்கிள் கடையிலிருந்து தையல் கடைவரை எல்லோர் வாயிலும் புழங்குவன. ஓசையில் ஒன்றோடொன்று ஒட்டாதவை. "விடு", "பிடி" இரண்டையும் முழுவதுமாக விலக்கிவிட்டோம். ‘விடு’ என்பதன் கோளாறு உங்களுக்கே தெரியும். ‘பிடி’ என்பது கட்டளையாகவும் இருக்கிறது, பாறையில் கை வைக்கும் இடத்தின் பெயராகவும் இருக்கிறது; "வலது பக்கம் பிடி" என்றால் யார் எதைப் பிடிப்பது?

மேலிருந்து எது விழுந்தாலும், அது தண்ணீர்ப் போத்தலாகவே இருந்தாலும், "கல்லு!" என்றுதான் கத்த வேண்டும். அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தலைக்கவசத்தைக் குனித்துப் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை, மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனது. நம் ஊர்க் கல்லுக்கு அந்த மரியாதையைக் கொடுப்பது நல்லது.

காவேரிப்பட்டணத்தான்:
மிக்க நன்றி. நண்பரிடம் பேசினேன், ‘விடு’ என்ற சொல்லை இருவரும் கைவிட்டுவிட்டோம். அடுத்த கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எங்கள் தோட்டத்தில் போர்வெல் மோட்டாரைத் தூக்கி இறக்கும் நைலான் கயிறு நூறு மீட்டர் கிடக்கிறது. மோட்டாரும் குழாயும் தண்ணீருமாக என்னைவிடப் பல மடங்கு எடையைத் தாங்கும் அந்தக் கயிறு எனக்குப் போதாதா? கடையில் ஏறுகயிற்றின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன்.

ஓசூர்க் கயிறு:
போதாது. ஆனால் அது அறுந்துவிடும் என்பது முதல் காரணம் அல்ல.

மோட்டாரை நாம் மெதுவாக இறக்குகிறோம், அது விழுவதில்லை. விழும் உடலை நிறுத்தும்போது, எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவு விசை உடல்மேல் ஏறும். நீளாத கயிறு நொடிப்பொழுதில் நிறுத்தும். கயிறு அறாமல் இருக்கலாம், உங்கள் இடுப்பும் மேலே உள்ள நங்கூரமும் அந்த அடியை வாங்கும். ஏறுவதற்கான கயிறு இழுபடும் கயிறு, டைனமிக் என்பார்கள். 80 கிலோ எடையைக் கட்டி, கடுமையான முறையில் விழவிட்டுச் சோதிக்கிறார்கள். ஒற்றைக் கயிறாகப் பயன்படும் வகை குறைந்தது 5 விழுகைகளைத் தாங்க வேண்டும். முதல் விழுகையில் ஏறும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. கயிறு 40 விழுக்காட்டுக்கு மேல் நீளவும் கூடாது. ஒரு கிலோ நியூட்டன் என்பதை ஏறத்தாழ நூறு கிலோ எடை தொங்குவதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் நீளாத ஸ்டாடிக் கயிறும் கடையில் கிடைக்கும். அது ராப்பலுக்கும் பொருள் தூக்குவதற்கும் உரியது. லீட் ஏறுவதற்கு அதைத் தொடவே கூடாது.

இதை ஒட்டி ‘ஃபால் ஃபாக்டர்’ என்று ஒரு கணக்கு உண்டு. விழுந்த தூரத்தை, பிலேயருக்கும் ஏறுபவருக்கும் இடையே வெளியில் இருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். 20 மீட்டர் கயிறு வெளியில் இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தால் 0.2, அது மெத்தையில் விழுவது போல. பல கட்டங்களாக ஏறும் உயரமான பாறையில், நடு உயரத்தில் நிற்கும் பிலேயருக்கு 2 மீட்டர் மேலே ஏறி, வழியில் எதையும் மாட்டாமல் விழுந்தால், அவரையும் தாண்டி 4 மீட்டர் விழுவார். கணக்கு 2 ஆகும். விழுந்த தூரம் இரண்டிலும் ஒன்றுதான். இழுபடுவதற்குக் கயிறு குறைவாக இருக்கும்போதுதான் அடி பலமாகும். ஏற்றத்தின் தொடக்கத்தில் அதிகக் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். கயிற்றை எட்டு முடிச்சாகப் போட்டு, நுனியை ஹார்னஸின் இடுப்பு வளையம், தொடை வளையம் இரண்டின் வழியாகவும் செலுத்தி, வந்த வழியே முடிச்சைத் தொடர்ந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். முடிந்த பிறகு எங்கு பார்த்தாலும் இரண்டிரண்டு இழைகள் இணையாக ஓட வேண்டும். ஐந்து இடங்களில் அப்படி இரட்டையாக எண்ண முடிகிறதா என்று பாருங்கள். வால் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. கயிற்றின் மறுமுனையிலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். இறக்கும்போது கயிறு போதாமல் நுனி பிலேயரின் கையைவிட்டு ஓடிவிடுவதால் நேரும் விபத்துகள் உண்டு. அந்த ஒரு முடிச்சு அவற்றைத் தடுத்துவிடும்.

காரபினர் என்பது விசைவாய் உள்ள இணைப்பு வளையம். அதன் முதுகில் 22, 8, 7 போன்ற எண்கள் சிறிய படங்களுடன் பொறிக்கப்பட்டிருக்கும். நெடுக்கில் இழுத்தால் 22, குறுக்கில் இழுத்தால் 8, வாய் திறந்திருக்கும்போது 7 கிலோ நியூட்டன் என்பது பொருள். ஒரே வளையம் குறுக்கே திரும்பினால் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பிலேயர் கயிற்றைச் செலுத்திப் பிடிக்கும் பிலே கருவியை மாட்டும் காரபினருக்குத் திருகுப்பூட்டு இருக்க வேண்டும் என்பதும், ஏறுமுன் அதை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். பிலே செய்பவரின் தடுப்புக் கை, அதாவது கயிற்றை நிறுத்தும் கை, எந்த நிலையிலும் கயிற்றைவிட்டு வரக் கூடாது. தானாகப் பிடித்துக்கொள்ள உதவும் கிரிகிரி போன்ற கருவி இருந்தாலும் அதே விதிதான். கொசு கடித்தாலும் மற்றக் கையால்தான் அடிக்க வேண்டும்.

கல்லுடைப்பவர் மகன்:
தம்பி, நான் மலை ஏறுபவன் அல்ல. எங்கள் அப்பா பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் உளி பிடித்தவர். ஓசூர் நண்பர் கயிற்றைச் சொல்லிவிட்டார். நான் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கரடுகளில் வெங்காயத் தோல் போலப் பாறையின் மேற்பட்டை தகடு தகடாக உரிந்து நிற்கும். தகடு மேலே அழகாக விளிம்பு காட்டும். கை வைக்கத் தோதாக இருக்கும். அடியில் ஒட்டு இருக்காது. கையில் அகப்பட்டதை நம்பி உடம்பைத் தொங்கவிடுவதற்கு முன் முஷ்டியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தாய்ப்பாறையோடு ஒட்டியிருந்தால் சத்தமே பெரிதாக எழாது, கைதான் வலிக்கும். ஒட்டு விட்டிருந்தால் காலிக் குடத்தைத் தட்டியது போல ஒலிக்கும். அப்பா சுத்தியலால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். எங்கே உளி வைப்பது என்பதை அந்த ஒலிதான் சொல்லும். நீங்கள் அதே ஒலியைக் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்று, கூரை போல் முன்தள்ளிய பாறைக்கு அடியில் கருத்த அடையாகத் தொங்குவது பெருந்தேனீக் கூடா என்று முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். அதற்கு உங்கள் அகராதியில் சொல் இருக்கிறதா என்று தெரியாது. எங்களுக்கு ‘ஓடு’ என்ற ஒரே சொல்தான், கயிறு கட்டியவருக்கு அதுவும் பயன்படாது.

சாக்குத்தூள்:
அண்ணா, அந்த முன்தள்ளிய பாறைக்கு ஓவர்ஹேங் என்று பெயர். படுக்கையாகவே தள்ளியிருந்தால் ரூஃப். தேனீக்கு எங்களிடமும் வேறு சொல் இல்லை.

பிடிகளின் பெயர்களை யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அண்டாவின் விளிம்பைப் பிடிப்பது போல விரல்கள் முழுவதும் உள்ளே மடங்கிப் பிடிக்கும் இடம் ஜக். அதைப் பார்த்தால் மூச்சு வரும். விரல் நுனிகள் மட்டும் நிற்கும் மெல்லிய விளிம்பு கிரிம்ப். இதில் ஆசைப்பட்டுத் தினமும் தொங்கினால் விரல் தசைநாண் சுற்றுப்பட்டை கிழியும், புதியவர்கள் ஓராண்டாவது அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். பானையின் வயிற்றைத் தடவுவது போல விளிம்பே இல்லாமல் உள்ளங்கை உராய்வால் நிற்பது ஸ்லோப்பர். கொத்தனார் ஒரு கையால் செங்கல்லைத் தூக்குவது போல நான்கு விரல் ஒருபுறமும் கட்டைவிரல் மறுபுறமுமாகக் கவ்வுவது பிஞ்ச். ஒன்றிரண்டு விரல் நுழையும் குழி பாக்கெட்.

வெடிப்பில் ஏறுவது தனிக் கலை. அங்கே விளிம்பைப் பிடிப்பதில்லை. கையை வெடிப்புக்குள் நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிதுக்கினால் கை ஆப்பு அடித்தது போல நின்றுவிடும். இதற்கு ஜாம் என்று பெயர். சுரைக்குடுக்கைக்குள் கைவிட்டுப் பொரியைப் பற்றிக்கொண்டு எடுக்க முடியாமல் மாட்டிய குரங்கின் கதை நமக்குத் தெரியும்; இங்கே அந்தக் குரங்குப்பிடிதான் வித்தை.

இருந்தாலும் கிருஷ்ணகிரிப் பக்கம் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஸ்லாப், அதாவது செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து படுத்திருக்கும் வழுவழுப்பான பாறை. பெங்களூருக்கு மேற்கே உள்ள சாவனதுர்க்கா இந்த வகைக்குப் பெயர் பெற்றது. இங்கே கைக்கு வேலை குறைவு. காலணியின் ரப்பர் அடியைப் பாறையில் அப்பி நிற்பதற்கு ஸ்மியர் என்று பெயர். பயம் வந்ததும் எல்லோரும் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள்; கட்டிப்பிடித்தால் இடுப்பு பாறைக்குப் போய், பாதம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, எடை நேராகப் பாதத்தின் மேல் விழுமாறு நின்றால் அதே இடத்தில் கால் நிற்கும். சென்ற வாரம் உங்கள் முழங்கால் தேய்ந்ததற்கு ‘விடு’ பாதிக் காரணம். கட்டிப்பிடித்தது மீதிக் காரணமாக இருக்கலாம்.

ராயக்கோட்டைவாசி:
இறுக்கு, இறக்கு குறித்த என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மொட்டை மாடியிலிருந்து கத்திப் பார்த்தேன்; தெருவில் நின்ற என் மகன் இரண்டுக்கும் தவறாகவே கை காட்டினான்.

ஒரு ஐயம். ‘ஃப்ரீ கிளைம்பிங்’ என்றால் கயிறு இல்லாமல் ஏறுவதுதானே? அதை எப்படி விளையாட்டு என்று அனுமதிக்கிறார்கள்? மேலும் ஏறும் வழியின் கடினத்தைக் குறிக்கும் 5.10 என்ற தரம் 5.9 ஐவிடக் கடினம் என்று ஓரிடத்தில் படித்தேன். நான் படித்த கணக்கில் 5.10 தான் சிறியது.

ஓசூர்க் கயிறு:
முதலாவது, மிகப் பலரும் செய்யும் பிழை. ஃப்ரீ கிளைம்பிங்கில் கயிறு உண்டு. விழுந்தால் காப்பாற்ற மட்டும் உண்டு. மேலே ஏற உடம்பையும் பாறையையும் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. ஆணியைப் பிடித்து இழுத்தோ கயிற்றில் தொங்கியோ ஏறினால் அது எய்ட் கிளைம்பிங் ஆகிவிடும். கயிறே இல்லாமல் ஏறுவது ஃப்ரீ சோலோ. அலெக்ஸ் ஹானோல்ட் 2017 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை நான்கு மணி நேரத்துக்குள் அப்படி ஏறினார். அதற்கு முன் அதே வழியில் கயிற்றோடு பல முறை பயின்றிருந்தார் என்பதைக் காணொளி பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். உயரம் குறைந்த குண்டுக்கற்களில், கீழே மெத்தை விரித்து, கயிறின்றி ஏறுவது போல்டரிங். அது சோலோவில் சேராது.

இரண்டாவது, அந்தப் புள்ளி தசமப் புள்ளியே அல்ல. இந்த அமெரிக்கத் தர அளவில் முதல் எண் 5 என்றால் கயிறு வேண்டிய பாறை என்று பொருள். புள்ளிக்குப் பின் உள்ளதைத் தனி எண்ணாக, ஒன்பது, பத்து, பதினொன்று என்று படிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்; அதைவிடக் கடினமானவற்றை ஏறிவிட்டதால் பத்து வந்தது, இன்று பதினைந்துவரை போயிருக்கிறது. பிரெஞ்சுத் தர அளவு வேறு. அதில் இன்றைய உச்சம் 9சி; ஆடம் ஒண்ட்ரா 2017 இல் நார்வேயில் அந்தத் தரத்தை முதலில் தொட்டார். நீங்கள் முதல் நாளில் ஏறும் ஸ்லாப்புக்கு எந்தத் தரம் என்று கேட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காவேரிப்பட்டணத்தான்:
கோட்டை மலையின் பின்பக்கப் பாறை நல்ல ஸ்லாப்பாகத் தெரிகிறது. அங்கே ஓர் ஆணி அடித்துப் பழகலாமா?

ராயக்கோட்டைவாசி:
கூடாது. கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே துளை போடுவது குற்றம். படியில் ஏறிப் பாருங்கள், அதற்கு ஆணி வேண்டியதில்லை.

காவேரிப்பட்டணத்தான்:
இன்று மறுபடியும் அதே கரட்டுக்குப் போய் வந்தேன். காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். பத்து மணிக்குள் பாறை தோசைக்கல்லாகிவிட்டது. முடிச்சில் ஐந்து இரட்டைகளை எண்ணிக் காட்டிய பிறகே நண்பர் "தயார்" என்றார். சென்ற வாரம் எட்டாத அதே பிடிக்கு வந்ததும் "லூஸ்" என்றேன். சரியாக ஒரு முழம் கயிறு வந்தது, பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் அது ஜக் என்று தெரிந்தது.

ஒரே ஒரு குழப்பம். பத்தடி தள்ளி இன்னொரு குழுவும் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களும் இங்கே படித்துவிட்டு வந்தார்களோ என்னவோ, அந்தப் பக்கம் ஒருவர் "லூஸ்" என்று கத்த, என் கயிறு தளர்ந்தது. நான் அப்போது ஸ்மியரில் நின்றுகொண்டிருந்தேன்.

ஓசூர்க் கயிறு:
என் முதல் பதிவில் விட்டுப்போனது அது, மன்னிக்கவும். கட்டளைக்கு முன்னால் பிலேயரின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். இரண்டு குழுவிலும் அதே பெயர் இருந்தால், தரையிலேயே ஒருவருக்கு ஊர்ப் பெயரை வைத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
என் பிலேயரான நண்பரின் பெயரில் அந்தக் குழுவில் இருவர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் அவர் ‘சூளகிரி’.